பூண்டுக்கு ஒரு குளிர்காலம்

சமையலறைக் கூடையில் கிடக்கும் பூண்டு சித்திரை வெயிலைக்கூடத் தாங்கும். தோல் சருகாகும், பல் கொஞ்சம் சுருங்கும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் முளைக்காது. அதே பூண்டைக் கெடாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால், சில வாரங்களில் பல்லுக்குப் பல் பச்சை நுனி எட்டிப் பார்க்கிறது. குளிரில் வைத்தால் எதுவும் உறங்கிவிடும் என்றுதான் நினைப்போம். பூண்டு மட்டும் குளிரில் விழிக்கிறது. மாடித்தோட்டத்தில் பூண்டு போட்டு, தாள் மட்டும் வளர்ந்து அடியில் ஒன்றும் கட்டாமல் போனவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் மண்ணையும் உரத்தையும் குறை சொல்கிறார்கள். குறை நாட்காட்டியில் இருக்கிறது.

பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. கஜகஸ்தான், கிர்கிஸ்தான் பக்கத்துத் தியான் ஷான் மலைத்தொடரைச் சுற்றிய பகுதி என்பது தாவரவியலாளர்களின் கணிப்பு. அங்கே கோடை என்றால் வறண்ட கோடை. மழையும் இல்லை, மண்ணில் ஈரமும் இல்லை. அந்த மாதங்களை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும் செடி இது. வெயில் தணிந்ததும் வேர் விடும். பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் குளிர்ந்து கிடக்கும். பனி உருகியதும் மளமளவென்று இலை விட்டு, கோடை நெருங்க நெருங்க, அடுத்த உறக்கத்துக்கான உணவை அடியில் சேர்த்துவைக்கும். அந்தச் சேமிப்பைத்தான் நாம் ரசத்தில் தட்டிப் போடுகிறோம்.

ஆக, வெப்பம் என்றால் பூண்டுக்குக் கோடை, படுத்திருக்க வேண்டிய காலம். நம் சமையலறையின் 30 டிகிரியில் அது நிம்மதியாகத் தூங்குகிறது. ஏறத்தாழ 5 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையிலான குளுமைதான் அதன் உறக்கத்தைக் கலைக்கும். வணிகக் கிடங்குகளில் பூண்டை 0 டிகிரியை ஒட்டி வைப்பது இதனால்தான்; அந்தக் கடுங்குளிரில் முளையும் நகர முடியாது. வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு சமையலறைக்கும் கிடங்குக்கும் நடுவே, முளைக்கத் தோதான இடத்தில் இருக்கிறது.

ஒரு பல்லைத் தோலுரித்து, நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில் சொரசொரப்பாக, பழுப்பு நிறத்தில் ஒரு சிறு தட்டு இருக்கும். பூண்டுச் செடியின் உண்மையான தண்டு அதுதான், சில மில்லிமீட்டர்தான். வேர் அதற்குக் கீழே போகும், இலைகள் அதற்கு மேலே வரும். நாம் தின்னும் வெள்ளைச் சதை முழுவதும் ஒரே ஓர் இலை. பச்சையம் இல்லாமல், பரப்பில்லாமல், சேமிப்புக்கென்றே பருத்துப்போன இலை. அதன் நடுவில் இளமஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு குருத்து நிற்கும். அந்தக் குருத்து பல்லின் உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால் உறக்கம் கலைந்துவிட்டது, நடலாம். அடியில் ஒட்டிக்கொண்டு குட்டையாக இருந்தால் இன்னும் நேரமிருக்கிறது. நடுவதற்குப் பூண்டு வாங்குகிறவர்கள் ஒரேயொரு பல்லைப் பலி கொடுத்து இதைப் பார்த்துவிடுவது நல்லது.

முழுப் பூண்டின் அமைப்பையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு பூண்டில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பல்லும் பத்துப் பன்னிரண்டு பக்க மொட்டுகள். இலைக் கக்கத்தில் தோன்றி, பருத்து, பல்லானவை. அப்படியானால் பூண்டு கட்டுவது என்பது இரண்டு வேலை. முதலில் பக்க மொட்டுகள் தோன்ற வேண்டும். பிறகு அவை பருக்க வேண்டும். முதல் வேலைக்குக் குளிர் வேண்டும். இரண்டாவதற்கு நீளும் பகலும் ஏறும் வெப்பமும் வேண்டும். குளிர் போதாமல் போன செடியில் பக்க மொட்டே பிரியாது. அதற்குப் பிறகு வெயில் ஏறினால் நடு மொட்டு மட்டும் உருண்டு திரண்டு, வெங்காயம் போல ஒற்றைப் பல்லாக நின்றுவிடும். சந்தையில் மருந்துக்கென்று தனி விலை வைத்து விற்கும் ஒற்றைப் பல் பூண்டும் இந்த வழியில் பிறந்ததுதான். அதற்கென்று தனி மகத்துவம் இருப்பதாக நான் நம்பவில்லை. உரிக்கச் சுலபம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

1958இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் மேன், மிங்கிஸ் இருவரும் ஒரு நீண்ட ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். விதைப் பூண்டை நடுவதற்கு முன்பு எந்த வெப்பநிலையில் வைத்திருந்தோம் என்பது, நட்ட பிறகு அது எப்போது கட்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். குளிரில் இருந்து வந்த பற்கள் சீக்கிரம் கட்டின. வெப்பத்தில் இருந்து வந்தவை தாமதித்தன, அல்லது கட்டாமலே நின்றன. அதே மண், அதே தண்ணீர். பழைய குளிரின் நினைவு மட்டும் வேறு. இந்த நினைவு எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பிற்பாடு மரபணு ஆய்வுகள் தேட ஆரம்பித்தன. 2013இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பூண்டின் நெருங்கிய உறவான வெங்காயத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைக் காட்டினார்கள். ஒன்று பூக்கச் சொல்கிறது, அதை எழுப்புவது குளிர். இன்னொன்று குமிழ் கட்டச் சொல்கிறது. மூன்றாவது, பகல் குறுகியிருக்கும் வரை கட்டாதே என்று தடுக்கிறது.

பகலின் நீளம் என்று சொன்னதும் நம்மூருக்கு ஒரு சிக்கல் வருகிறது. தியான் ஷான் அடிவாரத்தில் ஜூன் மாதத்துப் பகல் 15 மணி நேரத்துக்கும் அதிகம். டெல்லியில் ஏறத்தாழ 14 மணி நேரம். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. குளிர்காலத்துப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கொடைக்கானல் இன்னும் தெற்கே இருக்கிறது. அங்கே வித்தியாசம் அதைவிடவும் குறைவு. அப்படியிருந்தும் கொடைக்கானலில் பூண்டு விளைகிறது, சென்னையில் விளைய மறுக்கிறது. இரண்டு ஊரிலும் சூரியன் பூண்டுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. கொடைக்கானலில் அதைக் குளிர் சொல்லிவிடுகிறது.

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் விளையும் அந்த மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையில் ஆண்டுக்கு இரண்டு பட்டம்: ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. முதல் பட்டத்தை யோசித்துப் பாருங்கள். ஜூன், ஜூலையில் நட்டால் அறுவடை வரைக்கும் பகல் குறுகிக்கொண்டே போகிறது. பாடப்புத்தகப்படி அது பூண்டு கட்டும் பருவமே இல்லை. ஆனாலும் கட்டுகிறது. அயன மண்டலத்தில் குளிர்தான் முதல் சொல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. மலையில் விளைந்த பூண்டு கீழே இறங்கினால் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி சந்தைக்கோ, நீலகிரியிலிருந்து வந்தால் மேட்டுப்பாளையம் மண்டிக்கோ போகும்.

சமவெளியில் இருப்பவருக்கு மலையைக் கொண்டுவர முடியாது. மலையின் குளிரைப் பல்லுக்கு முன்கூட்டியே காட்டிவிட முடியும். அதற்கு ஃபிரிட்ஜ் போதும்.

எந்தப் பூண்டை எடுப்பது என்பதில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பார்வைக்குப் பெரிதாக, நாலைந்து தடித்த பல்லோடு வரும் ஹிமாச்சல் பூண்டைத்தான் கை முதலில் எடுக்கும். உரிக்க அது அருமை. சென்னை மாடியில் நடுவதற்கு அது சரிப்படாது. வடக்கு மலைகளின் நீண்ட பகலுக்கும் கடும் குளிருக்கும் பழகிய இனம் அது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத் சமவெளிகளில் ஐப்பசி வாக்கில் நட்டு மாசி, பங்குனியில் எடுக்கும் சின்னப் பல் பூண்டுதான் மளிகைக் கடைகளில் அதிகம் கிடைக்கிறது. குறுகிய பகலிலும், மிதமான குளிரிலும் கட்டப் பழகியது. நமக்கு அதுதான் தோது. கொடைக்கானல் பூண்டு கிடைத்தால் அதையும் போட்டுப் பார்க்கலாம். நம் பகல் நீளம் அதற்குப் புதிதல்ல, குளிர்தான் குறையும். எந்த இனமானாலும் அதில் வெளிவட்டத்தில் இருக்கும் பெரிய பற்களை மட்டும் எடுங்கள். செடியின் முதல் மாதத்து உணவு முழுக்கப் பல்லுக்குள் இருப்பதுதான். சின்னப் பல் சின்னச் செடியைத் தரும், சின்னச் செடி சின்னப் பூண்டைத் தரும்.

புரட்டாசிக் கடைசியில், பிரிக்காத முழுப் பூண்டைக் காகித உறையில் போட்டு காய்கறித் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஐந்தாறு வாரம் போதும். குளிர் நல்லது என்றால் மூன்று மாதம் வைப்போமே என்று ஆசைப்படக் கூடாது. அதிகக் குளிர் கண்ட பல் அவசரப்படும். நாலு இலை வருவதற்குள் கட்ட ஆரம்பித்து, கோலிக்குண்டு அளவில் முடித்துக்கொள்ளும். சில நேரம் பக்கக் குருத்துகள் தாறுமாறாகக் கிளம்பிக் கோணலாகவும் வரும். செடிக்கு இலையும் வேண்டும், கட்டளையும் வேண்டும். கட்டளை முந்திக்கொண்டால் சேமிக்கச் சரக்கு இருக்காது.

நடுவது எப்போது என்பதை ஊர்தான் முடிவு செய்யும். ஓசூர், ஏற்காடு போன்ற இடங்களில் ஃபிரிட்ஜில் இன்னும் முன்னதாக வைத்து ஐப்பசியிலேயே நடலாம். கடற்கரை ஊர்களில் அந்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். தண்ணீர் நின்றால் பல் அழுகும், ஆகவே கார்த்திகையில் மழை இடைவெளி பார்த்து நடுவது உசிதம். அதற்குப் பிறகு மார்கழி, தை மாதத்து இரவுகள் கிடைக்கும். சென்னையில் அவை 20 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை என்றாலும், இலை வளர அது நல்ல வானிலை. மாசியில் பகல் மெல்ல நீண்டு வெயில் ஏற ஆரம்பிக்கும்போது கட்டும் வேலை தொடங்கும்.

பையோ தொட்டியோ ஓரடி ஆழம் இருந்தால் போதும். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க் கழிவு, கொஞ்சம் மணல். கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். இறுகிய களிமண்ணில் பூண்டு பருக்க இடம் தேடித் தோற்கும். பல்லை நடும் அன்றைக்கே பிரியுங்கள். தோலை உரிக்க வேண்டாம். தட்டு கீழே, கூர்நுனி மேலே. தலைகீழாக நட்டாலும் முளைக்கும், ஆனால் குருத்து வளைந்து திரும்பி மேலே வருவதற்குள் கையிருப்பில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும், பூண்டும் கோணலாகும். நுனிக்கு மேல் இரண்டு விரற்கடை மண், பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளி. பூண்டு இலை ஒடுக்கமானது, நிமிர்ந்து நிற்பது. கீழே நிழலே விழாது. களைக்கு இதைவிட வசதி வேறென்ன? வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்குப் போட்டால் களையும் அடங்கும், வேர் மண்டலமும் குளிர்ந்திருக்கும்.

வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூண்டைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள்: வெள்ளை நூல்கள் கொத்தாக இருக்கும். கிளை குறைவு, வேர்த்தூவி மிகக் குறைவு. மணிச்சத்தையும் தண்ணீரையும் தேடித் துழாவும் சக்தி அதற்குப் போதாது. அந்தக் குறையை வேருக்குள் குடியேறும் வேர்ப்பூசணம் தீர்த்துவைக்கிறது. அதன் இழைகள் வேர் எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. வேளாண் கடைகளில் வாம் என்ற பெயரில் விற்கும் உயிர் உரம் இதுதான். நடும் குழியில் ஒரு சிட்டிகை போட்டால் பூண்டு, வெங்காய வகைகளில் பலன் கண்கூடு. வேர் மேலோட்டமாக இருப்பதால் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும்.

சத்து விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பூண்டு கட்ட ஆரம்பிக்கும் முன் எத்தனை இலை விட்டிருக்கிறதோ, அவ்வளவுதான் தொழிற்சாலை. அதற்குப் பிறகு புது இலை வராது. எனவே தழைச்சத்து முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும். மண்புழு உரம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் எல்லாம் தை மாதத்தோடு நின்றுவிட வேண்டும். கட்டும் நேரத்தில் தழைச்சத்து ஊற்றினால் பாதி பருத்த பற்களே மறுபடி இலை விட ஆரம்பித்து, பூண்டு வெடித்துச் சிதறும்.

பலரும் மறந்துவிடும் சத்து கந்தகம். பூண்டின் காரமும் வாசனையும் கந்தகச் சேர்மங்கள். முழுப் பல்லை முகர்ந்தால் வாசனை அநேகமாக இல்லை. நசுக்கினால்தான் மூக்கைத் துளைக்கிறது. சதைச் செல்களில் அல்லியின் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது. சத்து கடத்தும் குழாய்களைச் சுற்றியிருக்கும் செல்களில் அல்லினேஸ் என்ற நொதி அடைபட்டிருக்கிறது. தீப்பெட்டியும் குச்சியும் போல, உரசாதவரை இரண்டும் சாது. பூச்சி கடித்தாலும் அம்மிக்கல் நசுக்கினாலும் இரண்டும் கலந்து நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. 1944இல் அமெரிக்காவில் செஸ்டர் கவல்லிட்டோ பிரித்தெடுத்தது இந்த அல்லிசினைத்தான். நொதி சூட்டில் செத்துவிடும். முழுப் பல்லாகப் போட்டு வதக்கிய பூண்டுக் குழம்பில் காரம் போய் இனிப்பு வருவதற்கும், பச்சையாக இடித்துச் சேர்த்த சட்னி சுள்ளென்று இருப்பதற்கும் காரணம் அதுதான். மண்ணில் கந்தகம் குறைந்தால் பூண்டு சப்பென்று இருக்கும். ஒரு பைக்கு இரண்டு தேக்கரண்டி ஜிப்சம் மண்ணோடு கலந்தால் தீர்ந்தது.

இத்தனை ஆயுதம் இருந்தும் இலைப்பேன் மட்டும் பூண்டுக்கு அஞ்சுவதில்லை. மற்ற செடிகளுக்கு இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் அடிக்கிறோம். பூண்டு இலையிலேயே உட்கார்ந்து சுரண்டித் தின்று வெள்ளிக் கீறல் போடுகிறது இந்தப் பூச்சி. இலை மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலை அங்கே படும்படி மாலையில் தெளிக்க வேண்டும்.

நாலு மாதத்துக்கு மேல் ஆனதும் அடியிலைகள் மஞ்சளாகிக் காயும். இதை நோய் என்று நினைத்து உரம் போடுகிறவர்கள் உண்டு. செடி கடையைக் கட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணீரைக் குறைத்து, கடைசி இரண்டு வாரம் நிறுத்திவிடுங்கள். எப்போது பிடுங்குவது என்பதைப் பச்சை இலைகளை எண்ணியே சொல்லிவிடலாம். ஒவ்வோர் இலையின் அடிப்பகுதியும் கீழே இறங்கிப் பூண்டைச் சுற்றிய ஓர் உறையாகிறது. மேலே ஓர் இலை காய்ந்தால், கீழே ஓர் உறை மக்கத் தொடங்குகிறது. பாதி இலை காய்ந்து பாதி பச்சையாக இருக்கும்போது எடுத்தால் நாலைந்து உறையோடு வெளியே வரும். எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் உறையெல்லாம் கிழிந்து, பல் பல்லாகப் பிரிந்து மண்ணோடு வரும், ஒரு மாதம்கூடத் தாங்காது. பிடுங்கியதைக் கழுவாமல், தாளை வெட்டாமல், கொத்தாகக் கட்டி நிழலில், காற்றாடும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட வேண்டும். கொடைக்கானல் மலைக் கிராமங்களில் புகை போட்டுப் பதப்படுத்தும் வழக்கமும் உண்டு. அந்தப் பூண்டு நெடுநாள் தாங்கும்.

சென்னை மாடியில் இத்தனையும் செய்தால் என்ன கிடைக்கும்? மளிகைக் கடைப் பூண்டைவிடச் சிறியது, ஐந்தாறு பல். சில ஒற்றைப் பல். கணக்குப் பார்த்தால் கட்டுப்படி ஆகாது. ஆனால் பூண்டுத் தாள் வேறு கதை. குளிர், பகல் நீளம் எதுவும் பார்க்காமல், எந்த மாதத்திலும், உறக்கம் கலைந்த எந்தப் பல்லிலிருந்தும் மூன்று வாரத்தில் வரும். ஃபிரிட்ஜில் முளைத்துப்போன பூண்டைத் தூக்கி எறியாமல் ஒரு தொட்டியில் நெருக்கமாகக் குத்திவிட்டால் தோசைக்கும் ரசத்துக்கும் நறுக்கிப் போடத் தாள் வந்துகொண்டிருக்கும்.

விதை எடுத்து வைப்பதில் கடைசியாக ஒரு விஷயம். நாம் பயிரிடும் பூண்டு விதை வைப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பல்லிலிருந்து பல்லாகவே பெருக்கி வந்ததில் அது மலட்டுச் செடியாகிவிட்டது. 1980களில் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எதோ, மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செடிகளில் உண்மையான விதை பிடிப்பதைக் கண்டார். அதன் பிறகுதான் கலப்பினம் உருவாக்கும் பேச்சே எழுந்தது. நம் வீட்டில் நடும் ஒவ்வொரு பல்லும் தாயின் அச்சுப் பிரதி. மனித மரபணுத் தொகுதியைப் போல ஐந்து மடங்கு நீளமான தொகுதியை அட்சரம் பிசகாமல் சுமக்கும் பிரதி. அதனால் தாய்க்குப் பிடித்த வைரஸும் அப்படியே பிள்ளைக்கு வரும். விதை வழியாகப் பெருகும் பயிர்களில் பல வைரஸ்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் வடிகட்டப்படும். பூண்டில் அந்த வடிகட்டி கிடையாது. அசுவினி ஒரு செடியில் கொண்டுவந்து விட்டால் போதும். இலையில் மஞ்சள் கோடுகள் ஓடி, குட்டையாக நிற்கும் செடியிலிருந்து விதைக்கு ஒரு பல்கூட எடுக்க வேண்டாம். அதைத் தாளாகவே பறித்துச் சமைத்துவிடுங்கள்.

ஆரோக்கியமான செடியில் ஒற்றைப் பல்லாக வந்தவற்றை மட்டும் தனியே வையுங்கள். ஒன்றுமே தேறவில்லை என்று சலித்துக்கொள்ள வைப்பவை அவைதான், ஆனால் அடுத்த பட்டத்துக்கு அவைதான் சிறந்த விதை. ஒரே மொட்டுக்கு அத்தனை கையிருப்பு வேறு எந்தப் பல்லிலும் இருக்காது. புரட்டாசி வரை காற்றாடத் தொங்கவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் குளிர் காட்டி நட்டால், தடித்த செடியாக வந்து பல் பிரிந்து கட்டும். பையின் மேல் ‘விதைக்கு’ என்று எழுதி வைப்பது முக்கியம். உரிக்கச் சுலபமான பூண்டு என்பதால், வீட்டில் யாராவது முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.